எடை குறைக்கும் ஊசியும் முடி கொட்டலும்: மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்

எடை குறைக்கும் ஊசி போடத் தொடங்கிய முதல் இரண்டு மாதம் பேச்செல்லாம் வயிற்றைப் பற்றியே இருக்கும். குமட்டல், மலச்சிக்கல், சோற்றைக் கண்டாலே வேண்டாம் என்கிற மனசு. மூன்றாவது, நான்காவது மாதத்தில்தான் பேச்சு தலைக்கு ஏறும். தலை குளித்தால் குளியலறைத் தண்ணீர் போகும் வாயில் முடி அடைக்கிறது, சீப்பில் கொத்தாக வருகிறது, தலையணை உறையைத் தினம் உதற வேண்டியிருக்கிறது. உடனே போன வாரம் மாற்றிய ஷாம்பு மேல் பழி விழும். ராமநாதபுரம் கடற்கரையில் என்றால் போர் தண்ணீர் மேல் விழும். பெரும்பாலும் இரண்டுமே காரணம் இல்லை. இன்று கொட்டுகிற முடிக்கு நாள் குறித்தது மூன்று மாதத்துக்கு முன்னால். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் எதைச் செய்வது, எதில் காசைக் கரைக்கக் கூடாது என்று குழம்ப வேண்டியதில்லை.

தாமதம் எங்கிருந்து வருகிறது

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும். எந்த நேரத்தில் பார்த்தாலும் அதில் 100க்கு 85 முதல் 90 வரை வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு முடி 2 முதல் 6 வருடம் வளரும், பிறகு சுமார் 3 மாதம் ஓய்வெடுக்கும். ஓய்வு முடியும்போது அதே குழியில் புது முடி கிளம்பும், பழையது கழன்று விழும். ஒரு குறையும் இல்லாதவருக்கும் நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இதனால்தான்.

சாப்பாடு சட்டென்று பாதியாகி, எடையும் வேகமாக இறங்கும்போது உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். இதயத்துக்கும் மூளைக்கும் கொடுத்தே ஆக வேண்டும். முடிக்குக் கொடுக்காவிட்டால் உயிரா போய்விடும்? அதனால் வளர்ந்துகொண்டிருந்த முடியில் ஒரு பெருங்கூட்டம் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து அத்தனையும் சேர்ந்து கழலும்போதுதான் தெரியும். தோல் மருத்துவர்கள் இதை டீலோஜன் எஃப்ளூவியம் என்பார்கள். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் தாய்க்குக் கொட்டுவதும், ஐப்பசி மழையில் டெங்கு வந்து படுத்தவருக்குத் தை மாதத்தில் கொட்டுவதும் இதே வகைதான். முடி விழுந்தாலும் குழி சாகாது.

மருந்து நேரடியாக வேரைக் கெடுக்கிறதா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. செமாகுளுடைட் (கடையில் வெகோவி) 2.4 மி.கி. ஊசி ஆய்வுகளில் முடி உதிர்வைச் சொன்ன பெரியவர்கள் 100க்கு 3 பேர். மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் அது 1. டிர்செபடைட் (கடையில் மவுன்ஜாரோ) ஆய்வுகளில் பெண்களில் 100க்கு 7 பேர் சொன்னார்கள், ஆண்களில் 100க்கு 1 பேருக்கும் குறைவு. எடைக் குறைவோடு சேர்ந்துதான் உதிர்வும் வந்தது. வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும், ஊசியே இல்லாமல் பட்டினி டயட் இருந்தவர்களுக்கும் இதே உதிர்வு, இதே மாதக் கணக்கில் வருகிறது. ஆகவே மருந்தின் பெயரைவிட எடை இறங்கிய வேகத்தையும் தட்டில் குறைந்துபோனதையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில் காலண்டரை எடுங்கள்

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். முதல் ஊசி போட்ட நாள், அளவு கூட்டிய ஒவ்வொரு நாள், வாந்தி எடுத்த வாரங்கள், காய்ச்சல், ஆபரேஷன் எல்லாவற்றையும் குறியுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்த எடையையும் எழுதுங்கள். முடி கூடுதலாகக் கொட்டத் தொடங்கிய வாரத்தில் ஒரு வட்டம். அங்கிருந்து 8 முதல் 14 வாரம் பின்னால் எண்ணிப் போங்கள். அந்த இடத்தில் ஏதோ ஒன்று நிற்கும்.

பெரும்பாலும் நிற்பது அளவு கூட்டிய வாரம்தான். 0.5 மி.கி.யிலிருந்து 1 மி.கி.க்குப் போன பிறகு பத்து நாள் இளநீரும் கஞ்சித் தண்ணியும் ரொட்டியுமாக ஓடியிருக்கும். சிலருக்கு அந்த இடத்தில் காய்ச்சல் நிற்கும்.

இந்தக் கடற்கரையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பாம்பன், மண்டபம், தொண்டி எங்கும் நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், விலையும் ஏறும். மற்ற வீடுகளில் அந்த இரண்டு மாதம் மீன் குறைந்தால் சோறு கூடும், அவ்வளவுதான். ஊசி போடுகிறவருக்குச் சோறும் கூடாது. மீன் இருந்த இடம் காலியாகவே கிடக்கும். மே மாதம் குறைந்த புரதத்துக்கு ஆகஸ்டில் முடி கணக்குத் தீர்க்கும்.

ஊசி தொடங்கி மூன்றாவது வாரத்திலேயே கொட்ட ஆரம்பித்தால் அது ஊசியின் வேலை இல்லை. நாள் கணக்கு ஒத்துவராது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதத்தில் பிரசவம், காய்ச்சல், கடும் பத்தியம், கருத்தடை மாத்திரை நிறுத்தியது, தைராய்டு என்று தேடுங்கள்.

விழுந்த முடியை வெளிச்சத்தில் பாருங்கள்

கொட்டுவது வேறு, ஒடிவது வேறு. வைத்தியமும் வேறு. சீப்பில் வந்ததில் பத்து முடியை ஒரு கறுப்புத் துணியில் தனித்தனியாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு நுனியையும் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாக, ரவையைவிடச் சின்னதாக ஒரு குமிழ் இருந்தால் அது ஓய்வு முடிந்து தானாகக் கழன்ற முடி. விரலால் தடவினால் மணல் ஒட்டினது போல நெருடும். அதைப் பார்த்து ‘வேரோடு வந்துவிட்டதே’ என்று பதறுகிறவர்கள் உண்டு. அது வேர் அல்ல, காம்பு. பழுத்த இலை விழும்போது காம்போடு விழுவது போலத்தான். இரண்டு நுனியிலும் குமிழ் இல்லை, துண்டு துண்டாக நீளம் மாறி மாறி இருக்கிறது என்றால் முடி நடுவில் ஒடிகிறது. அதற்குத்தான் தண்ணீர், சீப்பு, இறுக்கக் கட்டுவது ஆகியவற்றின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

எவ்வளவு கொட்டுகிறது என்று தினம் எண்ணிக்கொண்டிருந்தால் மனசுதான் கெடும். வாரம் ஒரு நாள், தலை குளிப்பதற்கு முன், வெள்ளைத் துண்டை விரித்துக் குனிந்து, பின்னாலிருந்து முன்பக்கமாக 60 விநாடி சீவி, விழுந்ததை எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள். 10 வரை சாதாரணம். 30, 40 என்று வந்து, வாரம் போகப் போக இறங்கினால் சரியான பாதைதான். ஒவ்வொரு முறையும் அதே சீப்பு, குளித்து அதே இடைவெளி நாட்கள். நேற்றுக் குளித்த தலையும் நான்கு நாள் குளிக்காத தலையும் ஒரே கணக்குக் காட்டாது.

மாதம் ஒரு முறை நேர்வகிடு எடுத்து, ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் நின்று உச்சியைப் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது நூறு வார்த்தை சொல்வதைவிட நான்கு மாதப் படங்கள் உதவும்.

தட்டில் என்ன குறைந்தது

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். ஊசி பசியை அடக்கும்போது மனிதர்கள் முதலில் விடுவது புரதத்தைத்தான். மீன் வாடை பிடிக்காது, கறி செரிக்காது போலத் தோன்றும். இறங்குவது கஞ்சியும் இட்லியும் பிஸ்கட்டும்தான். ஒரு நாளைக் கூட்டிப் பாருங்கள்: காலையில் 2 இட்லி, சட்னி 4 கிராம். மதியம் ஒரு கிண்ணம் ரசச் சோறு 4 கிராம். சாயங்காலம் டீ, இரண்டு பிஸ்கட் 3 கிராம். இரவு அரைத் தோசை 2 கிராம். மொத்தம் 13 கிராம். நல்லபடியாகச் சாப்பிட்டோம் என்றே அவர் நினைப்பார். பசியே எடுக்காதபோது எப்படித் தெரியும்?

தேவை எவ்வளவு? நீங்கள் அடைய நினைக்கும் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோவுக்கு வர நினைப்பவருக்கு 72 கிராம். எவ்வளவு முடியாத நாளிலும் 60 கிராமுக்குக் கீழே போக வேண்டாம். ஒரு எச்சரிக்கை: சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர்கள், கிரியாட்டினின் கூடியவர்கள் இந்த அளவை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.

நம் கடற்கரையில் இதற்குப் பவுடர் டப்பா தேவையில்லை. தலை, குடல், முள் போக 100 கிராம் மீன் சதையில் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. சாளை, சூடை, காரல், நகரை, பாறை, சீலா எதுவானாலும் இதே கணக்குதான். விலை கூடிய சீலாவில் முடிக்கென்று தனிச் சத்து எதுவும் இல்லை. சந்தையில் வாங்கும் கால் கிலோ சின்ன மீனில் சதையாகத் தேறுவது பாதிக்குக் கொஞ்சம் மேல் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கணவாயும் இறாலும் புரதத்தில் சளைத்தவை அல்ல. முட்டை ஒன்றுக்கு 6 கிராம். அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 8, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையில் 7, பால் 200 மில்லியில் 6, தயிர் 100 கிராமில் 3 முதல் 4. சைவக்காரர்களுக்குப் பெரிய துணை மீல்மேக்கர். காய்ந்தது 25 கிராம் எடுத்தால் 13 கிராம் புரதம். ஒரு கரண்டி சாம்பாரில் 2 கிராம் தேறினால் அதிகம். ‘தினம் பருப்பு சாப்பிடுகிறேனே’ என்பவர்கள் பெரும்பாலும் பருப்புத் தண்ணீரைத்தான் சொல்கிறார்கள்.

இப்படி ஒரு நாள்: காலையில் 2 அவித்த முட்டை 12. பதினொரு மணிக்குக் கடலை ஒரு கைப்பிடி 7. மதியம் 100 கிராம் மீன் 19, தயிர் 100 கிராம் 3. மாலையில் சுண்டல் 100 கிராம் 8. இரவு இன்னொரு 75 கிராம் மீன் அல்லது கோழி 15, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால் 6. கூட்டினால் 70. சோறும் இட்லியும் இதற்கு மேல் வயிறு இடம் கொடுத்தால் கொடுத்த அளவு.

சாப்பிடும் வரிசைதான் இதில் சூட்சுமம். ஊசி போட்ட வயிறு ஏழெட்டு வாயிலேயே நிரம்பிவிடும். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து தொடங்கினால் மீன் தட்டிலேயே நின்றுபோகும். முதலில் மீனைத் தின்றுவிடுங்கள், பிறகு காய், கடைசியாகச் சோறு. விருந்தில் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், பரவாயில்லை.

ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் குமட்டல் தூக்கலாக இருக்கும். அந்த நாட்களில் பொரித்த மீனும் முண்டு மிளகாய் அரைத்த காரக் குழம்பும் வேண்டாம். எண்ணெயும் காரமும் வயிற்றில் நின்று எதுக்களிக்கும். காரல் சொதி, தேங்காய்ப்பால் குறைத்து மஞ்சளும் எலுமிச்சையும் போட்ட மீன் ஆணம், ஆறின அவித்த முட்டை, பொட்டுக்கடலையைப் பொடித்துக் கலக்கிய மோர் எல்லாம் இறங்கும். சூடான சாப்பாட்டின் வாடைதான் பலருக்குக் குமட்டலைக் கிளப்புகிறது. ஆறவைத்துப் பாருங்கள்.

கருவாட்டில் புரதம் செறிவாக இருக்கிறது, ஆனால் உப்பும் அப்படியே. பிரஷர்காரர்கள் அதை நம்ப வேண்டாம். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்கள் சாளை, நெத்திலியைக் குறைத்து முட்டை, பால் பக்கம் போகலாம். பச்சை முட்டையைக் குடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பச்சை வெள்ளைக்கரு, முடிக்கு வேண்டிய பயோட்டினைக் கட்டிப்போட்டு உடம்பில் சேரவிடாது. வெந்தால் அந்தத் தொல்லை இல்லை.

நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் வீடுகளில் இன்னொரு கணக்கு. நோன்பு திறக்கும்போது கஞ்சியும் வடையும் கடல்பாசியும் வந்தால் ஊசி போட்டவருக்கு வயிறு அங்கேயே மூடிக்கொள்ளும். கடல்பாசி குளிர்ச்சியாக இறங்கும், ஆனால் அதில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். பேரீச்சம்பழம், தண்ணீர், அரைக் கிண்ணம் கஞ்சியோடு நிறுத்தி, மக்ரிப் தொழுகைக்குப் பிறகு மீனோ கறியோ, இரவு தராவீஹ் தொழுகை முடிந்து பாலோ சுண்டலோ, விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டில் 2 முட்டையும் தயிரும் என்று மூன்றாகப் பிரித்தால் 60 கிராமை எட்டிவிடலாம். ஊசியோடு சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நோன்பு பிடிக்கும் முன் அளவுகளை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எந்தப் பரிசோதனை, எதற்கு

முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை), வைட்டமின் பி12, வைட்டமின் டி. இந்த ஐந்தும் போதும். ‘ஹேர் ஃபால் பேக்கேஜ்’ என்று முப்பது பரிசோதனைகளைக் கட்டி விற்பதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் கையில் இருக்கும் சில்லறை, ஃபெரிட்டின் பெட்டியில் இருக்கும் சேமிப்பு. சேமிப்பு முதலில் கரையும், கடைசியில்தான் கையில் தட்டுப்பாடு வரும். ஃபெரிட்டின் 30க்குக் கீழ் என்றால் இரும்புச் சத்துக் குறைவு உறுதி. முடி கொட்டுகிறவருக்கு அது 40க்கு மேல் இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவர்கள் பலரின் வழக்கம். மாதவிலக்கில் அதிகம் போகும் பெண்களுக்கு இது அடிக்கடி குறைவாக இருக்கும். காய்ச்சல், வீக்கம் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும், அப்போது எடுக்க வேண்டாம்.

இரும்பு மாத்திரை தேவைப்பட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்குத் தரும் சிவப்பு மாத்திரையிலேயே 60 மி.கி. இரும்பு இருக்கிறது. டீ, காப்பி, பாலோடு போட்டால் பாதிகூட உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடுங்கள். ஊசியும் இரும்பும் சேர்ந்தால் மலச்சிக்கல் இரட்டிப்பாகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் வயிறும் தாங்கும், உடம்பில் சேருவதும் மோசமாகாது. உங்களுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நடுவில் 4 மணி நேரம் வேண்டும். சாப்பாட்டில் ஆட்டுச் சுவரொட்டி, முருங்கைக்கீரை, கம்பு ஆகியவற்றைக் கூட்டலாம். ஃபெரிட்டின் 12 என்று இருப்பவரைக் கீரை மட்டும் தூக்கி நிறுத்தாது.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடம் எடுத்தவர்களுக்கு பி12 குறையும், அதைத் தனியாகப் பாருங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர் 15 கிலோ குறைந்த பிறகும் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் அது அவருக்கு அதிகமாகிவிடலாம். தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும், கூடினாலும் கொட்டும். எடை குறைந்த பிறகு டிஎஸ்ஹெச் மறுபடி பார்ப்பது இதற்காக.

பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு 3 நாள் முன்பே நிறுத்துங்கள், பரிசோதனைக்கூடத்திலும் சொல்லுங்கள். அது தைராய்டு முடிவைத் தாறுமாறாக்கும். நெஞ்சுவலிக்கு எடுக்கும் ட்ரோபோனின் பரிசோதனையைக்கூடக் குறைத்துக் காட்டி, மாரடைப்பை மறைத்துவிடக்கூடும்.

ஊசியை நிறுத்தலாமா

தானாக நிறுத்த வேண்டாம். ஓய்வுக்குப் போன முடி, ஊசியை இன்றே விட்டாலும் இன்னும் இரண்டு மூன்று மாதம் விழுந்தே தீரும். நிறுத்தினால் பசி திரும்பும், எடை ஏறும், முடியும் கொட்டும். மூன்று நஷ்டம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறு: ‘அளவைக் கூட்டாமல் இப்போது இருக்கிற இடத்திலேயே இன்னும் சில வாரம் நிறுத்தி வைக்கலாமா?’ செமாகுளுடைட் 0.25 மி.கி.யில் தொடங்கி 0.5, 1, 1.7, 2.4 என்று 4 வாரத்துக்கு ஒரு படி ஏறும். டிர்செபடைட் 2.5 மி.கி.யில் தொடங்கி 5, பிறகு தேவைக்கேற்ப 15 வரை. 4 வாரம் என்பது குறைந்தபட்ச இடைவெளி. எல்லோரும் மேல்படி வரை ஏறியே ஆக வேண்டும் என்று இல்லை. வாரம் அரை முதல் ஒரு கிலோ இறங்கிக்கொண்டிருந்தால் அந்தப் படியிலேயே நிற்பதில் தப்பே இல்லை. அதற்கு மேல் வாரக் கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் காலண்டரையும் தட்டையும் பாருங்கள். கல்யாணத்துக்குள் குறைக்க வேண்டும் என்று படியைத் தாண்டித் தாண்டி ஏறுகிறவர்கள்தான், கல்யாண நாளில் மல்லிகைச் சரம் நிற்க முடியில்லை என்று வருந்துகிறார்கள்.

உப்புத் தண்ணீரும் காற்றும்

போர் தண்ணீர் வேரைப் பிடுங்காது. ஆனால் குமிழ் இல்லாத, ஒடிந்த முடி நிறைய வந்தால் அதன் பங்கு உண்டு. கடின நீரில் சவுக்காரக் கட்டி போட்டால் நுரை வராது, வெள்ளைப் பிசுக்குதான் வரும். பக்கெட் விளிம்பில் படியும் அதே பிசுக்கு முடியிலும் படிந்து சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், சீவினால் ஒடியும். தலைக்குச் சவுக்காரத்தை விட்டு ஷாம்பு போடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் காவிரிக் குழாய்த் தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்து வைத்தால் போதும், குளியல் முழுக்க அதிலா என்று வீட்டில் சண்டை வராது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து அதற்கு முந்தைய அலசலுக்கு ஊற்றினால் பிசுக்கு கழலும். கடல் குளித்தவர்களும் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர்களும் உப்பு காய்ந்து முடி கயிறாகும் முன் நல்ல தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

முடி கொட்டுகிறதே என்று தலை குளிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். பத்து நாள் கழித்துக் குளித்தால் பத்து நாள் விழ வேண்டியது ஒரே நாளில் விழும், பயந்து இன்னும் தள்ளிப்போடுவீர்கள். வாரம் இரண்டு முறை குளியுங்கள். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் தேங்காய் எண்ணெய் தடவினால் முடித்தண்டு தண்ணீரில் ஊறி ஒடிவது குறையும். அதன் வேலை அவ்வளவுதான், வேரில் முளைக்க வைக்காது. ஈரத் தலையில் பேன் சீப்பு வேண்டாம். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கு எடுங்கள். முக்காடு போடுகிறவர்கள் தலை காய்ந்த பிறகு, கொண்டையைத் தளர்வாகப் போட்டு மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் பொடுகு சேரும், இறுக்கிக் கட்டினால் நெற்றி ஓரம் தேயும்.

கடையில் கேட்டு வாங்க வேண்டாதவை

பயோட்டின் ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும், அது முட்டையிலும் கடலையிலும் வந்துவிடும். கடையில் விற்பது 10,000 மைக்ரோகிராம். குறைபாடே இல்லாதவருக்கு அது சிறுநீரில் போகிற காசு. வைட்டமின் ஏ மாத்திரையும் மீன் ஈரல் எண்ணெய்க் கேப்சூலும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்டவைக்கும், செலினியமும் அப்படியே. முடி வளர்க்கத் தலையில் தடவும் மினாக்சிடில் நல்ல மருந்துதான், ஆனால் இந்த வகை உதிர்வுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. தொடங்கிய முதல் சில வாரம் அதுவே கூடுதலாக உதிர்க்கும். பரம்பரையாக வகிடு அகலும் வழுக்கையும் சேர்ந்திருக்கிறது என்று தோல் மருத்துவர் சொன்னால் மட்டும் போடுங்கள். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பது கண் செய்யும் மாயம். வெட்டிய நுனி தடிப்பாகத் தெரிகிறது, குழிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. வேண்டுதலுக்குப் போடுவது வேறு.

காத்திருக்கக் கூடாதவை

காசு அளவில் வட்டமாக மொழுமொழுவென்று முடி போனால் அது புழுவெட்டு, இதற்குச் சம்பந்தமில்லை. தலைத்தோலில் வலி, சீழ், தடித்த செதில், புருவமும் சேர்ந்து உதிர்வது, வகிடு மட்டும் அகன்றுகொண்டே போவது, 6 மாதம் தாண்டியும் குறையாதது எல்லாம் தோல் மருத்துவர் பார்க்க வேண்டியவை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போகும்போது காலண்டரையும் மாத்திரைச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள். வாந்தி நிற்காமல் இரண்டு நாள் தண்ணீர்கூடத் தங்கவில்லை, எழுந்தால் கண் இருட்டுகிறது, கடுமையான வயிற்றுவலி முதுகுக்குப் பாய்கிறது என்றால் முடியை மறந்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எடை இறங்கும் வேகம் சீராகி, சாப்பாடும் சரியானால் அதிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் சீப்புக் கணக்கு இறங்கும். புது முடி மாதம் ஒரு செ.மீ. வளரும். வகிட்டோரமும் நெற்றி ஓரமும் இரண்டு மூன்று செ.மீ. நீளத்தில் நட்டுக்கொண்டு நிற்கும் குட்டி முடிகள்தான் முதல் நல்ல சேதி. ஒடிந்த முடி என்று நினைத்து அவற்றைக் கத்தரித்துவிடுகிறவர்கள் உண்டு. நுனியைப் பாருங்கள்: ஒடிந்ததாக இருந்தால் மழுங்கியிருக்கும், புதிதாக முளைத்ததாக இருந்தால் ஊசி போலக் கூர்ந்து மெலிந்திருக்கும். சடையின் பருமன் பழையபடி கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை தோள் அளவுக்கு வெட்டிக்கொண்டால் குட்டி முடியும் பெரிய முடியும் சீக்கிரம் ஒன்று சேரும்.